கிராபிக்ஸ் கார்ட் மாத்துனா எக்ஸ்போர்ட் வேகமாகுமா? காசு குடுக்க முதல் இத பாருங்க

கல்யாணம், சடங்கு, கோயில் தேர்னு வீடியோ எடுத்து எடிட் பண்ணுற நம்ம மலையகத்து பிள்ளைங்க எல்லாரும் கேக்குற கேள்வி ஒண்ணுதான், எடிட் முடிச்ச படத்த பைலா எடுக்க எக்ஸ்போர்ட் போட்டா மணிக்கணக்கா இழுக்குது எந்த கிராபிக்ஸ் கார்ட் வாங்கலாம்னு. கேட்ட உடனே யாராவது ஒரு பெரிய கார்ட் பேர சொல்லுவாங்க, பையனும் கடன உடன வாங்கி கண்டிக்கோ கொழும்பு யூனிட்டி பிளாசாவுக்கோ பஸ் ஏறி போயி வாங்கிட்டு வந்து மாட்டுவான், ரெண்டு மணித்தியாலம் எடுத்தது ஒண்ணே முக்கால் ஆகும், அவ்வளவுதான். கார்ட்ல பிழை இல்ல, அவனோட மெஷின்ல இழுத்துக்கிட்டு இருந்தது வேற இடம். அதுனால நான் சொல்லப்போறது கார்ட் லிஸ்ட் இல்ல, உங்க எக்ஸ்போர்ட் எந்த இடத்துல மாட்டி நிக்குதுன்னு நீங்களே எப்படி கண்டுபிடிக்கிறது, அதுக்கப்புறம் எதுக்கு காசு குடுக்கிறது, அது ரெண்டும்தான்.

இந்த விஷயத்துல நேரம்னா நமக்கு சும்மா நேரம் இல்ல. பொண்ணு மாப்பிள்ளையோட சொந்தக்காரங்க பாதிப்பேர் கொழும்புல, மிச்சம் கட்டார் துபாய்ல, அன்னைக்கு ராத்திரியே ஹைலைட் போன்ல பாக்கணும்னு நிப்பாங்க. சித்திரை வைகாசில பின்னேரம் ஆனா இடி மின்னல், கரண்ட் எப்ப போகும்னு தெரியாது. மூணு மணித்தியால எக்ஸ்போர்ட் ரெண்டே முக்கால்ல நின்னா அந்த பைல் குப்பைதான், ஏன்னா எம்பி4 பைலோட இண்டெக்ஸ் பொதுவா கடைசியிலதான் எழுதப்படும், அது எழுதாம நின்னுச்சுன்னா பைல் சைஸ் எவ்வளவு பெருசா இருந்தாலும் எந்த பிளேயர்லயும் திறக்காது.

சரி, எக்ஸ்போர்ட் பட்டன அமுக்குன உடனே உள்ளுக்கு என்ன நடக்குதுன்னு பாப்போம். முதல்ல கேமரா பைல விரிக்கணும், அதுதான் டிகோட், கேமரா குடுக்குற எச்.264, எச்.265 எல்லாம் சுருக்கி வச்ச பைல், அத ஒவ்வொரு பிரேமா திருப்பி முழுப்படமா ஆக்கணும். அடுத்தது நீங்க போட்ட கலர், சைஸ் மாத்துனது, பேர் எழுத்து, டிரான்சிஷன், நொய்ஸ் (இருட்டுல எடுத்த படத்துல வர்ற புள்ளி) எடுக்குறது எல்லாத்தையும் அந்த படத்து மேல போடணும். கடைசியா அத திருப்பி எச்.264 ஆகவோ எச்.265 ஆகவோ சுருக்கணும், அது என்கோட். இந்த மூணும் ஒண்ணு முடிஞ்சு ஒண்ணு இல்ல, ஒரே நேரத்துல வரிசையா ஓடிக்கிட்டே இருக்கும். கினிகத்தேனை வளைவுல முன்னுக்கு கல்லேத்துன லொறி ஒண்ணு போச்சுன்னா பின்னுக்கு வர்ற வேனும் புது காரும் எல்லாமே அந்த லொறியோட வேகத்துலதான் ஏறும் இல்லையா, அதே கதைதான் இது. மூணுல எது மெதுவோ அதோட வேகம்தான் உங்க எக்ஸ்போர்ட் வேகம், மத்த ரெண்டுக்கும் நீங்க எவ்வளவு காசு கொட்டினாலும் வளைவுல காத்துக்கிட்டுதான் நிக்கும்.

இன்னொரு விஷயம் இருக்கு, இத புரிஞ்சுக்கிட்டா பாதி விளங்கிடும். கிராபிக்ஸ் கார்ட்டுக்குள்ள நம்ம வேலைக்கு ரெண்டு தனித்தனி பகுதி இருக்கு. ஒண்ணு கேம் விளையாடவும் எபெக்ட் கணக்கு போடவும் இருக்குற ஆயிரக்கணக்கான சின்ன கோர்கள், என்விடியால கூடா கோர்னு சொல்லுவாங்க. கார்ட் விலை கூடக்கூட இதுதான் கூடும். மத்தது வீடியோவ விரிக்கவும் சுருக்கவும் மட்டுமே செஞ்ச ஒரு சின்ன சிப் பகுதி. என்விடியால சுருக்குறது என்வென்க், விரிக்கிறது என்விடெக். இன்டெல் சிபியூக்குள்ளயே இருக்குறது குயிக் சிங்க், அது 2011லயே வந்துருச்சு, என்வென்க் வந்தது 2012ல. இந்த சின்ன பகுதி ஒரே தலைமுறை கார்ட்ல சின்னதுலயும் பெருசுலயும் அனேகமா ஒண்ணுதான். ஆர்டிஎக்ஸ் 3060ல இருக்குறதும் 3090ல இருக்குறதும் ஒரே என்வென்க், அதுவும் ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. அப்ப உங்க எக்ஸ்போர்ட் என்கோட்ல மாட்டி நிக்குதுன்னா 3060ல இருந்து 3090க்கு போறது வீண் செலவு. 40 சீரிஸ்ல 4070 டிஐல இருந்து மேல போனா ரெண்டு என்கோடர் வருது, அங்கதான் வித்தியாசம் தெரியும், அதுவும் சொப்ட்வெயார் அந்த ரெண்டையும் பாவிக்க தெரிஞ்சதா இருக்கணும்.

எங்க மாட்டுதுன்னு கண்டுபிடிக்கிற விதம்

டாஸ்க் மேனேஜர திறங்க, பெர்போமன்ஸ் டேப்புக்கு போயி ஜிபியூவ, அதாவது கிராபிக்ஸ் கார்ட்ட, கிளிக் பண்ணுங்க. நிறையப்பேர் இடப்பக்கம் தெரியுற ஜிபியூ 8%ங்கிற நம்பர பாத்துட்டு கார்ட் வேலையே செய்யலன்னு முடிவு பண்ணிடுவாங்க. அது தப்பு. வலப்பக்கம் நாலு சின்ன கிராப் இருக்கும், ஒவ்வொண்ணுக்கும் மேல 3டி, கொப்பினு பேர் இருக்கும், அந்த பேர் பக்கத்துல இருக்குற சின்ன அம்புக்குறிய அமுக்கினா லிஸ்ட் விரியும். அதுல ஒண்ணுக்கு வீடியோ டிகோட், ஒண்ணுக்கு வீடியோ என்கோட், ஒண்ணுக்கு கூடா, ஒண்ணுக்கு 3டினு வச்சுக்குங்க. கூடா லிஸ்ட்ல இல்லைன்னா விண்டோஸ் கிராபிக்ஸ் செட்டிங்ல ஹார்ட்வெயார் ஷெடியூலிங் ஓன்ல இருக்கும், பயப்படாதீங்க, 3டியையே பாருங்க. சில ஏஎம்டி கார்ட்ல டிகோட் என்கோட் ரெண்டும் சேந்து வீடியோ கொடெக்னு ஒண்ணா தெரியும். லெப்டொப்னா ஜிபியூ 0, ஜிபியூ 1னு ரெண்டு இருக்கும், இன்டெல் ஒண்ணு என்விடியா ஒண்ணு, ரெண்டையும் பாக்கணும், ஏன்னா டிகோட் இன்டெல்லயும் என்கோட் என்விடியாலயும் ஓடுறது சாதாரணமா நடக்கும்.

இப்ப ஒரு எக்ஸ்போர்ட் போட்டுட்டு இந்த பக்கத்த பாத்துக்கிட்டே இருங்க. சிபியூ 100%ல நிக்குது, வீடியோ என்கோட் கிராப் தரையோட தரையா கிடக்குதுன்னா உங்க சொப்ட்வெயார் கார்ட்ட விட்டுட்டு சிபியூல சுருக்கிக்கிட்டு இருக்கு, புது கார்ட் வாங்க தேவையே இல்ல, செட்டிங் மாத்துனா போதும். வீடியோ என்கோட் 90க்கு மேல நிக்குதுன்னா என்கோடர்தான் எல்லை, அப்ப உங்க மெஷின் ஏற்கனவே நல்லாத்தான் ஓடுது. கூடா இல்லாட்டி 3டி உச்சத்துல நிக்குதுன்னா எபெக்ட்தான் இழுக்குது, இந்த ஒரு நிலைமையிலதான் பெரிய கார்ட் வாங்கினா கண்ணுக்கு தெரியுற மாதிரி நேரம் குறையும். எதுவுமே உச்சத்துல இல்ல, சிபியூ 40, என்கோட் 20, 3டி 15னு எல்லாம் சோம்பலா கிடக்குதுன்னா ரெண்டு காரணம் இருக்கலாம், ஒண்ணு ஹாட் டிஸ்க், மத்தது ஏதோ ஒரு எபெக்ட் சிபியூவோட ஒரே ஒரு கோர்ல மட்டும் ஓடுது.

கிராப் பாத்து விளங்கலைன்னா இன்னும் ஒரு வழி இருக்கு, இதுல பொய் வராது. டைம்லைன்ல உங்க வழக்கமான வேலை எல்லாம் இருக்குற மாதிரி ஒரு ரெண்டு நிமிஷ துண்ட எடுங்க, தாலி கட்டுற இடம் மாதிரி மூணு கேமரா, கலர், ஸ்லோ மோஷன் எல்லாம் இருக்குற துண்டு. அத அப்படியே எக்ஸ்போர்ட் போட்டு நேரத்த எழுதி வைங்க. அடுத்து அந்த சீக்குவன்ஸ கொப்பி எடுத்து எல்லா எபெக்ட்டையும் அழிச்சிட்டு திருப்பி போடுங்க. பிரீமியர்ல எபெக்ட் எல்லாத்தையும் ஒரே அடியா மியூட் பண்ணுற பட்டன் ஒண்ணு இருக்கே, அத அமுக்கிட்டு பாக்காதீங்க, அது பாக்குறதுக்கு மட்டும்தான், எக்ஸ்போர்ட்ல எபெக்ட் எல்லாம் வந்துரும். கிளிப் எல்லாத்தையும் செலக்ட் பண்ணி ரிமூவ் அட்ரிபியூட்ஸ் குடுங்க. நேரம் பாதியா குறைஞ்சா எபெக்ட்தான் குற்றவாளி. பெருசா குறையலைன்னா மூணாவதா அதே துண்ட எச்.264க்கு பதிலா டிஎன்எக்ஸ்எச்ஆர் இல்லாட்டி புரோரெஸ்ல எக்ஸ்போர்ட் பண்ணுங்க, இதுகள் பெருசா சுருக்காத பைல் வகை, எழுதுறது சிபியூக்கு லேசு. இப்ப வேகமா போச்சுன்னா என்கோட்தான் பிரச்சினை. இதுவும் அதே நேரம் எடுத்துச்சுன்னா டிகோட், அதாவது உங்க கேமரா பைல விரிக்கவே மெஷின் கஷ்டப்படுது.

இந்த டெஸ்ட்டுக்கு கால் மணித்தியாலம் போகும். ஒரு மாச வருமானத்த கார்ட்ல போடுறதுக்கு முதல் கால் மணித்தியாலம் குடுக்கலாம்.

காசில்லாம மாத்தக்கூடியது

பிரீமியர்ல மூணு இடம் பாருங்க. பைல் மெனுல புரொஜெக்ட் செட்டிங், ஜெனரல், அங்க ரெண்டரர்ங்கிற இடத்துல மெர்குரி பிளேபேக் எஞ்சின் ஜிபியூ எக்செலரேஷன்னு இருக்கணும், சொப்ட்வெயார் ஒன்லினு இருந்தா எபெக்ட் எல்லாம் சிபியூலதான் ஓடும். அடுத்தது பிரிபரன்ஸ், மீடியா, அதுல ஹார்ட்வெயார் டிகோடிங்க ஓன் பண்ணிட்டு பிரீமியர மூடி திறக்கணும். மூணாவது எக்ஸ்போர்ட் விண்டோல என்கோடிங் செட்டிங்ல பெர்போமன்ஸ்ங்கிறது ஹார்ட்வெயார் என்கோடிங்னு இருக்கணும். இங்கதான் நிறையப்பேர் மாட்டுறாங்க, யூடியூப்ல யாரோ சொன்னாங்கன்னு விபிஆர் 2 பாஸ் (பிட்ரேட்ட, அதாவது ஒரு செக்கனுக்கு போற டேட்டா அளவ, காட்சிக்கு ஏத்த மாதிரி மாத்தி சுருக்குற முறை) போட்டு வச்சிருப்பாங்க, 2 பாஸ் போட்ட உடனே பிரீமியர் ஹார்ட்வெயார விட்டுட்டு சொப்ட்வெயாருக்கு மாறிடும், அதுவும் ரெண்டு தடவை முழுப்படத்தையும் ஓடும். விபிஆர் 1 பாஸ், இல்லாட்டி பிட்ரேட்ட மாறாம வைக்கிற சிபிஆர் போட்டு பிட்ரேட்ட கொஞ்சம் கூட்டுங்க, அது போதும். மெக்சிமம் ரெண்டர் குவாலிட்டிங்கிற டிக்கும் ஜிபியூ ஓன்ல இருக்கும்போது தேவையில்ல, சைஸ் மாத்துறத ஜிபியூ ஏற்கனவே நல்ல தரத்துலதான் செய்யுது, அந்த டிக் மெமரியத்தான் தின்னும். எபெக்ட்ஸ் பேனல்ல சில எபெக்ட் பக்கத்துல ஓடுற மாதிரி சின்ன ஐகன் இருக்கும், வேகமான எபெக்ட்டுக்கு அடையாளம் அது, அது இல்லாத எபெக்ட் ஒண்ணு டைம்லைன் முழுக்க கிடந்தா எந்த கார்ட்டும் காப்பாத்தாது.

டாவின்சி ரிசொல்வ்ல டெலிவர் பக்கத்துல என்கோடர்ங்கிற இடத்துல என்விடியா, குயிக் சிங்க் ரெண்டுல ஒண்ணு தெரியுதானு பாருங்க. இலவச வெர்ஷன்ல இந்த ஹார்ட்வெயார் வசதி முழுசா திறக்காது, முழுசா வேணும்னா ஸ்டூடியோ வெர்ஷன், அது 295 டொலர், ஒரு தடவை கட்டினா போதும் மாசாமாசம் இல்ல. ரிசொல்வ்ல வேலை செய்யுற ஆளா இருந்து இன்னும் இலவச வெர்ஷன்லயே இருக்கீங்கன்னா புது கார்ட்டுக்கு முதல் இந்த லைசன்ஸத்தான் வாங்க சொல்லுவேன், உறுதியாவே சொல்லுவேன்.

எடியஸ்ல கல்யாண வீடியோ பண்ணுறவங்க நம்ம பக்கம் இன்னும் நிறைய. எடியஸ் 8, 9 மாதிரி பழைய வெர்ஷன் எச்.264 எக்ஸ்போர்ட்டுக்கு நம்பி இருக்குறது இன்டெல்லோட குயிக் சிங்கத்தான், என்விடியா கார்ட் எவ்வளவு பெருசா இருந்தாலும் அந்த எக்ஸ்போர்ட்டுக்கு உதவாது. இதுல ரெண்டு பொறி இருக்கு. இன்டெல் சிபியூ பேர் கடைசில எஃப் எழுத்து இருந்தா, 12400எஃப் மாதிரி, அதுக்குள்ள கிராபிக்ஸே இல்ல, குயிக் சிங்கும் இல்ல. கொஞ்சம் காசு மிச்சம்னு கடைக்காரர் எஃப் சிபியூவ தள்ளிவிடுவார், கேம் விளையாடுற ஆளுக்கு அது சரி, எடியஸ்ல உக்காருற ஆளுக்கு சரியில்ல. ரெண்டாவது, எஃப் இல்லாத சிபியூவா இருந்தாலும் தனி கார்ட் மாட்டின உடனே நிறைய மதர்போர்ட் உள்ளுக்கு இருக்குற இன்டெல் கிராபிக்ஸ ஓஃப் பண்ணிடும். பயோஸுக்குள்ள (மெஷின் ஓன் ஆகும்போது திறக்குற மதர்போர்ட் செட்டிங்) போயி ஐஜிபியூ மல்டி மொனிட்டர்ங்கிற மாதிரி ஒரு ஒப்ஷன் இருக்கும், அத ஓன் பண்ணி இன்டெல் டிரைவர போட்டா அது திரும்ப வரும். எடியஸ்ல மட்டும் இல்ல பிரீமியர்லயும் இது பிரயோசனம்.

கேமரா பைல் பத்தி கொஞ்சம் நின்னு பேசணும்

முந்தி எல்லாரும் 8-பிட் எச்.264ல எடுத்தாங்க, சோனி ஏ7 III அப்படித்தான் குடுக்கும், அது எந்த கார்ட்டும் லேசா விரிக்கும். இப்ப ஏ7 IV, எஃப்எக்ஸ்30னு வாங்கின பிள்ளைங்க கலர் நல்லா வரும்னு 4:2:2 10-பிட்ல, அதாவது கலர் விவரம் கூடுதலா பதியுற முறைல, எடுக்குறாங்க, கலர் உண்மையிலயே நல்லா வரும், முகூர்த்த நேரத்து மஞ்சள் லைட்டையும் பொண்ணோட கூறைச்சேலை சிவப்பையும் உடையாம இழுக்கலாம். ஆனா என்விடியால 4:2:2வ கார்ட்லயே விரிக்கிறது 2025ல வந்த ஆர்டிஎக்ஸ் 50 சீரிஸ்லதான் ஆரம்பிச்சது. அதுக்கு முந்தின கார்ட், 3090 ஆகட்டும் 4090 ஆகட்டும், இந்த பைல தொடாம சிபியூட்ட தள்ளிவிட்டுரும். லட்சக்கணக்குல குடுத்து கார்ட் வாங்கியும் டைம்லைன் திக்குதுன்னு சொல்லுறவங்கள்ல நிறையப்பேர் கதை இதுதான். இதுல வேடிக்கை என்னன்னா இன்டெல் 11வது தலைமுறைல இருந்து உள்ளுக்கு இருக்குற கிராபிக்ஸ் எச்.265 4:2:2 10-பிட்ட நல்லா விரிக்கும், இன்டெல் ஆர்க் கார்ட்டும் விரிக்கும். அதாவது தனி கார்ட்டே இல்லாத ஐ5 மெஷின் இந்த ஒரு வேலைல பெரிய கார்ட் போட்ட மெஷின முந்தும்.

கவனிங்க, எச்.265னு சொன்னேன். சோனில எக்ஸ்ஏவிசி எஸ்னு போட்டா 4:2:2 எச்.264ல வரும், குயிக் சிங்க் அத அனேகமா விரிக்காது. எக்ஸ்ஏவிசி எச்எஸ்னு போட்டா எச்.265. இன்டெல் கிராபிக்ஸ் இருக்குற மெஷின்னா கேமராலயே எச்எஸ்ஸ செலக்ட் பண்ணிக்குங்க, ஒரு ரூபா செலவில்லாம டிகோட் பிரச்சினை தீரும். பானசோனிக் ஜிஎச்5ல 10-பிட் எடுத்தாலும் அது பொதுவா 4:2:2 எச்.264தான், அந்த பைலுக்கு சிபியூ பலமா இருக்கணும், இல்லாட்டி முதல்லயே டிஎன்எக்ஸ்எச்ஆருக்கு மாத்தி வச்சுட்டு வேலை செய்யணும். டிரோன் பைல், போன் பைல் எல்லாம் அனேகமா 4:2:0, அதாவது கலர் விவரம் குறைச்சு பதியுற முறை, அதுக்கு பயமில்ல.

புரொக்சி, அதாவது எடிட் பண்ண மட்டும் செய்யுற லேசான கொப்பி, போட்டா எக்ஸ்போர்ட் வேகமாகுமான்னு கேப்பாங்க. ஆகாது, எடிட் பண்ணும்போது சுகமா ஓடும், எக்ஸ்போர்ட்ல சொப்ட்வெயார் ஒரிஜினல் பைலத்தான் எடுக்கும்.

நொய்ஸ் எடுக்குற எபெக்ட்

ராத்திரி தேர், தீமிதிப்பு, லயத்து வாசல்ல பல்ப் வெளிச்சத்துல நடக்குற சடங்கு, இதுகள்ல ஐஎஸ்ஓ ஏத்தித்தான் எடுக்கணும், நொய்ஸ் வரும், நொய்ஸ் எடுக்குற பிளகின் போடுவீங்க. மத்த எல்லா எபெக்ட்டையும் சேத்தாலும் இது ஒண்ணுக்கு ஈடாகாது, ஏன்னா ஒரு பிரேம சுத்தம் பண்ண முன்னுக்கு பின்னுக்கு இருக்குற பிரேமையும் எடுத்து ஒப்பிட்டு பாக்குது. பெரிய கார்ட்டுக்கு நியாயமான காரணம் இதுதான், கூடா கோர் கூட இருந்தா நேரா நேரம் குறையும். நீட் வீடியோ பாவிக்கிறவங்க அதோட பிரிபரன்ஸ்ல பெர்போமன்ஸ் டேப்ல ஒப்டிமைஸ்ங்கிற பட்டன அமுக்குங்க, அது உங்க சிபியூ எத்தனை கோர், ஜிபியூ சேத்தா சேக்காமனு தானே ஓடிப்பாத்து எது வேகம்னு சொல்லும். அப்புறம் நொய்ஸ் எபெக்ட்ட தேவையான கிளிப்புக்கு மட்டும் போடுங்க, பகல்ல கோயில் முன்னுக்கு எடுத்த கிளிப்புக்கெல்லாம் எதுக்கு அது.

கார்ட் மெமரியும் இங்கதான் பேச்சுக்கு வருது. 4கே டைம்லைன், நொய்ஸ், மேல ரெண்டு மூணு கலர் நோட் (ரிசொல்வ்ல கலர் மாத்துற ஒவ்வொரு படியும் ஒரு நோட்) இருந்தா 4 ஜிபி கார்ட்ல ரிசொல்வ் ஜிபியூ மெமரி ஃபுல்னு நிப்பாட்டிடும். 1080ல வேலை செய்யுறவங்களுக்கு 6 ஜிபி போதும், 4கேக்கு 8ல இருந்து ஆரம்பிங்க. 12 ஜிபி 3060 இன்னும் நல்ல சாமான்னு நான் நினைக்கிறது இதுனாலதான், கேம்ல அதவிட வேகமான 8 ஜிபி கார்ட் இருக்கு, ஆனா நம்ம வேலைக்கு மெமரி முடிஞ்சா வேகம் இருந்தும் பிரயோசனம் இல்ல.

வாங்கும்போது

பேர பாத்து ஏமாற வேணாம். ஜிடி 1030 புதுசா டப்பால மின்னிக்கிட்டு இருக்கும், அதுல என்வென்க் கிடையவே கிடையாது. ஏஎம்டி ஆர்எக்ஸ் 6400, 6500 எக்ஸ்டி ரெண்டுலயும் வீடியோ என்கோடரையே எடுத்துட்டாங்க, கேமுக்கு ஓடும், எக்ஸ்போர்ட்டுக்கு பூச்சியம். சாதாரண ஜிடிஎக்ஸ் 1650 முதல்ல வந்தது பழைய என்கோடரோட, 1650 சூப்பர்லயும் 1660லயும் இருக்குறது புதுசு, அதே பிட்ரேட்ல படம் நல்லா இருக்கும். 2022 செப்டம்பர்ல எத்தீரியம் மைனிங் நின்ன பிறகு பழைய ஆர்எக்ஸ் 580 எல்லாம் பாவிச்ச சாமானா குவிஞ்சுது, விலை இழுக்கும், ஆனா வருஷக்கணக்கா இரவு பகலா சூட்டுல ஓடின கார்ட், பேன் சுத்துதா, லோட் குடுத்தா எவ்வளவு சூடேறுதுன்னு கடையிலயே ஓட விட்டு பாக்காம வாங்காதீங்க. புதுசா வாங்குறவங்க ஏவி1 (எச்.264 மாதிரி சுருக்குற இன்னொரு புது முறை) என்கோட் இருக்குறத வாங்கினா யூடியூப் வேலைக்கு உதவும், ஆர்டிஎக்ஸ் 40ல இருந்து, ஆர்எக்ஸ் 7000ல இருந்து, இன்டெல் ஆர்க் எல்லாத்துலயும் இருக்கு. ஆனா ஏவி1 பைல வீட்டு டீவிக்கு குடுத்துடாதீங்க, பழைய டீவில ஓடாது, அதுக்கு எச்.264தான்.

ஜிடிஎக்ஸ் 10 சீரிஸ் கையில இருந்தா தூக்கி எறிய வேணாம், அதுலயும் எச்.264 என்கோட் ஓடும். புதுசா காசு குடுத்து அத வாங்கத்தான் வேணாம்னு சொல்லுறேன், என்விடியா அதுக்கு வழக்கமான டிரைவர் விடுறத நிப்பாட்டியாச்சு, நாளைக்கு பிரீமியர் புது டிரைவர் கேட்டா நிப்பீங்க. டிரைவர்னு வரும்போது கேம் ரெடி வேணாம், ஸ்டூடியோ டிரைவர போடுங்க, கையில வேலை இருக்கும்போது அப்டேட் பண்ணாதீங்க, கல்யாண சீசன் முடியட்டும்.

கரண்டும் சூடும்

கார்ட் தெரிவு பண்ணும்போது வாட்ஸும் பாக்கணும், கொழும்புல இருக்குறவங்கள விட நமக்கு இது முக்கியம். ஆர்டிஎக்ஸ் 3060 170 வாட்ஸ் வரைக்கும் இழுக்கும், 4060 115 வாட்ஸ், ஆர்க் ஏ380 75 வாட்ஸ்தான். கடையில 650 விஏனு விக்கிற யூபிஎஸ் உண்மையில தாங்குறது சுமார் 360 வாட்ஸ், பெட்டில சின்ன எழுத்துல இருக்கும், விஏ நம்பர வாட்ஸ்னு நினைச்சுடாதீங்க. சிபியூ, கார்ட், மொனிட்டர் எல்லாம் சேந்து எக்ஸ்போர்ட்ல 300 வாட்ஸ் இழுக்குதுன்னா கரண்ட் போன பிறகு உங்களுக்கு கிடைக்கிறது சில நிமிஷம்தான். அப்ப கம்மியா கரண்ட் இழுத்து வேகமா முடிக்கிற கார்ட்தான் நமக்கு லாபம், இந்த கணக்குல 4060 ரொம்ப நல்லா நிக்குது. தோட்டத்துல லைன் கடைசில இருக்குற வீட்டுக்கு பின்னேரம் எல்லாரும் அடுப்ப போட்டா வோல்டேஜ் இறங்கும், பல்ப் மங்குறது கண்ணுக்கே தெரியும், அந்த இடத்துல வோல்டேஜ சீராக்குற ஏவிஆர் இருக்குற யூபிஎஸ் எடுங்க, பெரிய எக்ஸ்போர்ட்ட ராத்திரி பத்துக்கு மேல போடுங்க.

நீளப்படத்த ஒரே பைலா போடாம நலங்கு, தாலி, வரவேற்புனு துண்டு துண்டா கியூல போட்டு விடுங்க, கரண்ட் போனா அந்த ஒரு துண்டு மட்டும்தான் போகும். எல்லாம் ஒரே செட்டிங்ல போட்ட துண்டுகள திரும்ப சுருக்காம ஒட்டுற இலவச டூல் இருக்கு, லொஸ்லெஸ் கட் மாதிரி, ஒரு மணித்தியால படத்த ஒட்ட கொஞ்ச நேரம்தான் எடுக்கும்.

லெப்டொப்காரங்க சார்ஜர் போட்டுத்தான் எக்ஸ்போர்ட் பண்ணணும், பேட்டரில ஓடும்போது கார்ட்டுக்கு கிடைக்கிற கரண்ட்ட மெஷின் வெட்டிடும். நுவரெலியா குளிர்ல சூடு பிரச்சினை வராதுன்னு நினைப்பாங்க, அறை குளிர் உண்மையிலயே உதவும், ஆனா கட்டில்ல கம்பளி மேல லெப்டொப்ப வச்சு எக்ஸ்போர்ட் போட்டா காத்து போற ஓட்டை அடைஞ்சு சிபியூ 95 பாகைக்கு மேல போயி தானே வேகத்த குறைச்சுக்கும். பலகை மேல வைங்க. மூடுபனி உள்ளுக்கு வர்ற ஜன்னல் கிட்ட கேசிங்க வைக்காதீங்க, ஈரமும் தூசியும் சேந்து பேன்ல களி மாதிரி ஒட்டிக்கும், ஊதினா போகாது, கழட்டி பிரஷ் போட்டுத்தான் எடுக்கணும்.

பிட்ரேட்

இது வேகத்துக்கு மட்டும் இல்ல, தரத்துக்கும். ஹார்ட்வெயார் என்கோடர் வேகம், ஆனா குறைஞ்ச பிட்ரேட்ல சிபியூ என்கோட விட கொஞ்சம் சீக்கிரம் உடையும். நம்ம ஊர் காட்சி ரெண்டுல இது உடனே தெரியும். ஒண்ணு டிரோன்ல தேயிலை மலைக்கு மேல பறக்குறது, லட்சக்கணக்கான இலை ஒவ்வொண்ணும் அசையுது, என்கோடருக்கு இதவிட கஷ்டம் இல்ல, 8 எம்பிபிஎஸ்ல போட்டா பச்சை எல்லாம் கஞ்சியா கரைஞ்சு நிக்கும். மத்தது பொண்ணு மாப்பிள்ளைக்கு பின்னால பனிமூட்டம், வெள்ளைல இருந்து சாம்பலுக்கு மெதுவா மாறுற இடத்துல படி படியா கோடு விழும். 1080ல உங்க மாஸ்டர் பைல 16ல இருந்து 20 எம்பிபிஎஸ்ல போடுங்க, ஹார்ட்வெயார் என்கோடர்ல பிட்ரேட் கூட்டினா நேரம் பெருசா கூடாது, பைல் சைஸ்தான் கூடும். பனிக்கோட்டுக்கு பிட்ரேட் மட்டும் போதாது, மேல கொஞ்சமா கிரெயின் போட்டா கோடு மறையும்.

4கேல போடணுமான்னு யோசிங்க. 4கே 1080 மாதிரி நாலு மடங்கு பிக்சல், டீவிலயும் போன்லயும் பாக்குற கஸ்டமருக்கு 1080 போதும்னா எக்ஸ்போர்ட் நேரம் அங்கயே குறையுது. யூடியூப்ல 4கே 30 பிரேமுக்கு 35ல இருந்து 45 எம்பிபிஎஸ் கேக்குறாங்க, 40ல வச்சு பாத்தா ஒரு மணித்தியால படம் 18 ஜிபி, சிக்னல் ரெண்டு கோடு காட்டுற இடத்துல இருந்து அத ஏத்துறத நினைச்சு பாருங்க, எக்ஸ்போர்ட்ல மிச்சம் பிடிச்ச நேரம் எல்லாம் அப்லோட்ல போயிரும்.

பென் டிரைவுக்கு நேரா எக்ஸ்போர்ட் போடாதீங்க, அதோட எழுதுற வேகம் ரொம்ப குறைவு, எஸ்எஸ்டில போட்டு முடிச்சிட்டு கொப்பி பண்ணுங்க. 20 எம்பிபிஎஸ்ல ஒரு மணித்தியாலம் 9 ஜிபி வரும், கஸ்டமர் குடுக்குற பென் டிரைவ் ஃபேட்32ல இருந்தா 4 ஜிபிக்கு மேல ஒரு பைல் ஏறாது, எக்ஸ்ஃபேட்டுக்கு போமட் பண்ணுங்க, பண்ண முதல் அதுல அவங்க பழைய போட்டோ ஏதும் இருக்கானு கேட்டுக்குங்க. அவங்க வீட்டு டீவி பழசுன்னா எக்ஸ்ஃபேட் வாசிக்காது, அந்த வீட்டுக்கு ஃபேட்32லயே விட்டு, படத்த துண்டு துண்டா 4 ஜிபிக்கு கீழ வச்சு குடுங்க.